பெப்பர்மின்ட் இறால் விட்டும் ஐப்டேசியா குறையவில்லை, ஸோவாதான் குறைகிறது

பீனிக்ஸ் பவளம்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். 200 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, கீழே வடிகட்டும் சின்னத் தொட்டியான சம்ப். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், சிக்ஸ்லைன் ராஸ் மீன் ஒன்று, கூட்டமாக வளரும் ஸோவா பாலிப்புகள், காளான் பவளம், ஒரு ஹாமர் பவளம். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, சூடு 25, 26 டிகிரிக்குள் நிற்கிறது.

லைவ் ராக், அதாவது தொட்டிக்குள் உள்ள உயிர்க்கல் முழுக்க ஐப்டேசியா என்ற களை அனிமோன் பரவிவிட்டது. மருந்து ஊற்றப் பயந்து, தின்னுகிற பிராணியே விடலாம் என்று கடையில் கேட்டேன். பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி மூன்று கொடுத்தார்கள். ஐப்டேசியா ஒன்றுகூடக் குறைந்த மாதிரி இல்லை. ஆனால் ஸோவா கூட்டத்தின் ஓரம் நாளுக்கு நாள் வழுக்கையாகிறது. போதாததற்கு, கல்லை வெளியே எடுத்துக் கத்தியால் சுரண்டிவிடுங்கள் என்று அதே கடையில் இப்போது சொல்கிறார்கள். செய்யலாமா?

சாட்ஸ்வர்த் உப்புத்தண்ணீர்:

தம்பி, கத்தியைக் கீழே வையுங்கள். ஐப்டேசியா நகரும்போதே தன் அடிப்பாகத்திலிருந்து சிறு துணுக்குகளைப் பிய்த்துவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் தனி அனிமோனாக வளரும். சுரண்டினால் அந்த வேலையை நீங்களே அதற்குச் செய்து கொடுத்ததாக ஆகும். விளக்கை அணைத்துப் பட்டினி போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் நடக்காது. உடம்பிலுள்ள பாசி போனாலும் வெளுத்துப்போய், தண்ணீரில் வரும் இரையைப் பிடித்துத் தின்று உயிரோடு இருக்கும். பவளம்தான் முதலில் சாகும்.

எனக்குச் சந்தேகம் இறால் மேல். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சிவப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் வெள்ளைப் புள்ளியும் உண்டா? முதுகு கூனியிருக்கிறதா? மூக்கு, அதாவது தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலகு, மேலும் கீழும் அசைகிறதா?

பீனிக்ஸ் பவளம்:

பார்த்தேன் அண்ணா. வெள்ளைக் கோடு தெளிவாகவே இருக்கிறது. கூனும் உண்டு. அலகு சில நேரம் மேலே தூக்கியிருக்கிறது, சில நேரம் மடங்கியிருக்கிறது. மூன்றும் ஒரே பொந்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒன்று ஸோவா மேலேயே உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தது.

சாட்ஸ்வர்த் உப்புத்தண்ணீர்:

நினைத்தேன். அது பெப்பர்மின்ட் இல்லை, ஒட்டக இறால். கேமல் ஷ்ரிம்ப் என்று விற்பார்கள், சில கடைகளில் பெப்பர்மின்ட் என்ற பெயரிலேயே விற்பார்கள். அறிவியல் பெயர் ரிங்கோசைனீட்டஸ் டர்பனென்சிஸ். 1936-இல் விவரிக்கப்பட்டது. பெயரே நம் ஊர்ப் பெயர்தான், அந்த ஊரிலேயே ஆள் மாற்றி விற்கிறார்கள்! மீன் மட்டும் உள்ள தொட்டியில் அது நல்ல பிராணி. ஸோவா, காளான், மென்பவளம் உள்ள இடத்தில் விடக்கூடாது.

உண்மையான பெப்பர்மின்ட் லிஸ்மாட்டா இனம், அட்லாண்டிக்கின் மேற்குக் கரையிலிருந்து வருவது. உடம்பு கண்ணாடி மாதிரி, அதில் சிவப்புக் கோடுகள் மட்டும். வெள்ளை இருக்காது, அலகு அசையாது.

ஒட்டக இறாலைப் பிடிக்கத் தொட்டியைக் கலைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு மீன் போட்டு, விளக்கு அணைந்த பிறகு பொந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பிடிபட்டதைக் கடலில் கொண்டு போய் விடாதீர்கள். எந்தக் கடலிலிருந்து வந்ததோ, என்ன நோயோடு வந்ததோ. சம்ப்பில் வைத்துக்கொண்டு, மீன் தொட்டிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

மிட்ராண்ட் மாலன்:

இறாலெல்லாம் எதற்கு? காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் ஒன்று விடுங்கள். எங்கள் ஜோபர்க் பக்கம் ஒரு நண்பர் தொட்டியில் கல்லைப் பளிச்சென்று ஆக்கிவிட்டது. நீள மூக்கை இடுக்கில் விட்டுப் பொறுக்கித் தின்னும்.

சாட்ஸ்வர்த் உப்புத்தண்ணீர்:

நண்பர் தொட்டி எத்தனை லிட்டர் மாலன்? காப்பர்பேண்ட் 20 சென்டிமீட்டர் வரை வளரும் மீன். 200 லிட்டரில் அதை விடுவது பாவம். அதைவிடப் பெரிய சிக்கல் சாப்பாடு. பிடித்து அனுப்பும் அலைச்சலிலேயே பாதி செத்துப்போன மாதிரி வரும், பல மீன்கள் உறைந்த இரையைத் தொடவே தொடாது. கடையில் உங்கள் கண் முன்னால் சாப்பிட்டால்தான் வாங்கலாம். ஐப்டேசியா தீர்ந்த பிறகு என்ன கொடுப்பீர்கள்? குழாய்ப்புழுக்களையும் விட்டுவைக்காது, சிப்பி இருந்தால் அதையும் கொத்தும். சில மீன்கள் ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் கரையில் ரக்கூன் பட்டர்ஃபிளை இருக்கிறதே, அது அனிமோன் தின்னுமே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். தின்னும். அதே வாயால் பவளத்தையும் தின்னும். சொட்வானாக் கடலில் பிடித்து வரலாம் என்ற யோசனையும் வேண்டாம், அது காப்புப் பகுதி.

மிட்ராண்ட் மாலன்:

600 லிட்டருக்கு மேல். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபைல்ஃபிஷ்? பழுப்பும் பச்சையுமாக, பாசி படிந்த மாதிரி இருக்குமே. சிறிய மீன்தான்.

சாட்ஸ்வர்த் உப்புத்தண்ணீர்:

ஆக்ரிக்திஸ் டோமென்டோசஸ். இந்த அளவுத் தொட்டிக்கு அதைப் பற்றி யோசிக்கலாம். ஐப்டேசியாவை நன்றாகவே தின்னும், உறைந்த இரைக்கும் காப்பர்பேண்டைவிடச் சீக்கிரம் பழகும். ஆனால் ஸோவாவைக் கடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏற்கெனவே ஸோவா பாதி போன தொட்டியில் நான் விடமாட்டேன்.

உம்லங்கா ரீஃப் அக்கா:

இவ்வளவு பேசியும் பெர்கியா பெயரை யாரும் எடுக்கவில்லையே. ஓடில்லாத கடல் நத்தை, இரண்டு சென்டிமீட்டருக்குள். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, எனவே ஸோவா, ஹாமர் பற்றிக் கவலையே வேண்டாம். தின்ற அனிமோனின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு மயிர்களில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக வைத்துக்கொள்ளும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

ஆனால் தம்பி, உங்கள் சிக்ஸ்லைன் இருக்கும்வரை பெர்கியா வாங்குவது காசைக் கரைப்பதுதான். ராஸ் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடும். பெப்பர்மின்ட் இறாலும் பெர்கியாவைத் தின்னும், அதனால் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள். ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பெர்கியா என்று முடிவு செய்தால், ராஸை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகு, ராத்திரி விளக்கு அணைந்ததும் பம்ப்பை நிறுத்திவிட்டு, குழாயால் ஐப்டேசியாவுக்குப் பக்கத்திலேயே கல்லில் இறக்கிவிடுங்கள். பவர்ஹெட், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப், அதன் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். முதலில் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். வெள்ளைச் சுருளாக முட்டை தெரிந்தால் நல்ல சகுனம், குஞ்சுகள் பெரிதானதும் வேகம் பிடிக்கும். இரை தீர்ந்தால் செத்துவிடும், அதற்குள் பிடித்து வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் அவர்கள் தொட்டியும் பிழைக்கும்.

பீனிக்ஸ் பவளம்:

ராஸைப் பிரிய மனமில்லை அக்கா, வீட்டில் சின்னவளின் செல்லம். அப்படியென்றால் உண்மையான பெப்பர்மின்ட்தானா? இன்னொன்று, கல்லின் மேல்பக்கம் சில அனிமோன்கள் குட்டையாக, பச்சையாக, கை நுனி உருண்டையாக இருக்கின்றன. அதுவும் ஐப்டேசியாதானா?

சாட்ஸ்வர்த் உப்புத்தண்ணீர்:

இல்லை, அது மஹானோ, வேறொரு களை அனிமோன். பெர்கியா அதைத் தொடாது, பெப்பர்மின்ட்டையும் அதற்கு நம்ப முடியாது. அதை ஊசிக்குழாயால் பசை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

உங்கள் தொட்டிக்கு நான் செய்வது இது: பெப்பர்மின்ட் நாலைந்து சேர்த்து விடுவேன், ஒன்றிரண்டு சோம்பேறியாக இருந்தாலும் மற்றவை வேலை செய்யும். சின்ன ஐப்டேசியாவைத்தான் தின்னும், பெரியதைத் தொடாமல் சுற்றிப் போய்விடும். மீனுக்குப் போடும் தீனியைக் குறைக்க வேண்டும், வயிறு நிறைந்த இறால் எதற்கு அனிமோனிடம் கொட்டு வாங்கப் போகிறது? பெரிய ஐப்டேசியாவையும் மஹானோவையும் சுண்ணாம்புக் கரைசலால், அதாவது கால்க்வாஸர் பொடியைப் பசைபோலக் குழைத்து, மூடுவேன். தொட்டியில் தாமிரம் கலந்த மருந்து எப்போதாவது போட்டிருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள், இறால் தாங்காது.

பீனிக்ஸ் பவளம்:

தாமிரம் போட்டதே இல்லை. பசையை ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாமா?

உம்லங்கா ரீஃப் அக்கா:

வேண்டாம், தண்ணீரின் பிஹெச் (காரத்தன்மை அளவு) குதித்துவிடும். 200 லிட்டருக்கு ஒரு தடவையில் மூன்று நான்கு போதும், அடுத்ததற்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பம்ப்பை நிறுத்தி, அனிமோன் சுருங்கும் முன் அதன் வாய்க்குள்ளேயே பசையை மெதுவாக விட்டு, மேலேயும் மூடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பம்ப்பைப் போடலாம். ஹாமருக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும், கல்லைத் தூக்க முடிந்தால், வெளியே வாளியில் வைத்துச் செய்யுங்கள்.