அனுபவப் பகிர்வு: ஆர்க்டிக் கடலில் நின்ற எங்கள் பங்குனி ஆமைகள்

நெய்தல்:
கல்லூரி நாட்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடை போன குழுவில் நானும் இருந்தேன். இறந்து ஒதுங்கிய ஆமையின் ஓட்டை நாடாவால் அளந்து, மறுநாள் வருபவர்கள் அதையே மீண்டும் எண்ணாதிருக்க முதுகில் பெயின்ட் பூசி, நோட்டில் எழுதுவோம். பல ஆண்டுகளுக்குப் பின் தரவு மேலாளராக அந்த நோட்டுகளைத் திறந்த தரவுத்தளம் ஒன்றில் ஏற்றினேன். வரைபடத்தைப் பார்த்தால், எங்கள் ஆமைகள் அனைத்தும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கருகே பனிக்கடலில் நின்றன. அட்சரேகை 13, தீர்க்கரேகை 80 என்பதை இடம் மாற்றியிருந்தேன். அதை உடனே திருத்திவிட்டேன். ஆனால் நோட்டின் ஓரத்தில் என் தோழி எழுதியிருந்த “கண் பிதுங்கியிருக்கிறது, கழுத்து வீக்கம்” என்ற வரியை, தரவு அட்டவணையில் அதற்கென்று பத்தி இல்லையென்று நானே விட்டுவிட்டேன். வலையில் மூச்சுமுட்டிச் செத்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

பாக்நீரிணை:
நெய்தல் அவர்களே, எல்லா விவரமும் ஏற வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகம் 2022இல் அறிவிக்கப்படுவதற்கு முன்பு, வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, தன் வலையை அறுத்தே விடுவித்த ஒரு மீனவர், நான் ஜிபிஎஸ் கருவியை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “எடத்த மட்டும் எழுதிராதீங்க தம்பி, நாளைக்கு எங்கள வரவிட மாட்டாங்க” என்றார். மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினேன். அறுந்த வலைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை.

மிதவை:
கடலில் தானாக மூழ்கி எழுந்து நீரை அளந்து அனுப்பும் ஆர்கோ மிதவைகளின் தரவில் நான் வேலை செய்கிறேன். கப்பலிலிருந்து என் கையால் இறக்கிய மிதவை, பத்தாம் நாள் 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி அனுப்பிய முதல் வெப்பநிலைக் கோட்டைக் கண்டு அழுதுவிட்டேன்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மூல நோட்டை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் படமெடுத்து வையுங்கள். ஆர்கோவில் தவறான அளவீட்டை அழிப்பதில்லை, 4 என்ற தரக்குறி இட்டு அப்படியே வைத்திருக்கிறோம். பின்னால் வருபவர் தாமே பார்த்து முடிவு செய்யலாம். பாக்நீரிணை அவர்கள் தயங்கியது நியாயம்தான், ஆனால் இடத்தை மறைத்தால் மறைத்ததாகவும், எத்தனை கிலோமீட்டர் துல்லியம் என்றும் எழுதியிருக்க வேண்டும். நெய்தல் அவர்களே, உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்கான பொதுத் தரவு வடிவமான டார்வின் கோர் அமைப்பில் குறிப்புரைக்கென்றே ஒரு பத்தி உண்டு. அந்த வரியை இப்போதும் சேர்க்கலாம்.

நெய்தல்:
நோட்டு அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவருகிறேன்.