ரோபோ கொஞ்ச தூரம் போய் நின்னுடுது, அவசர உதவி

செம்பனைத்தம்பி:
வணக்கம். கெடா பீடோங் பக்கம் தோட்டத்துப் பசங்க சேர்ந்து கறுப்புக் கோட்டுல ஓடுற ரோபோ செய்றோம். சாமான் எல்லாம் 100 வெள்ளிக்குள்ள இருக்கணும். மேசை மேல மடிக்கணினி வயரோட தூக்கிப் பிடிச்சா சக்கரம் நல்லா சுத்துது. தரையில விட்டா கொஞ்சம் போய் நிக்குது, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. வயர் எல்லாம் சரியாதான் மாட்டியிருக்கோம். சனிக்கிழமை போட்டி!

கூலிம்காரன்:
என்ன போர்டு? என்ன மோட்டார்? பேட்டரி? படம் போடுங்க தம்பி.

நிரல்ராஜா:
நிரல்ல டிலே (கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற கட்டளை) போட்டு எழுதியிருப்பீங்க. டிலே ஓடுற நேரத்துல கோட்டைப் பார்க்கிற சென்சாரைப் படிக்காது. மில்லிஸ் (நிரலை நிறுத்தாம நேரம் பார்க்கிற கட்டளை) வெச்சு மாத்துங்க.

வாசல்கோலம்:
எங்க ஓட விடுறீங்க? வெளிய வெயில்லயா? வெயில்ல அகச்சிவப்பு ஒளி அதிகம், அதே ஒளியை வெச்சுக் கோட்டைப் பார்க்கிற சென்சார் குழம்பிடும். சுத்தி அட்டை வெச்சு மறைச்சுப் பாருங்க.

பழையகை:
இதே கேள்விக்கு இங்க பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. தேடிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ஓம் விதி தெரியாமலே ரோபோ கட்டக் கிளம்பிடுறாங்க.

செம்பனைத்தம்பி:
போர்டு ஆர்டுயினோ ஊனோ, மோட்டாரை ஓட்ட எல்298என் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் ரெண்டு. வீட்டுக்குள்ளதான் ஓட்டுறோம். பேட்டரி சாதாரண பேட்டரி.

கூலிம்காரன்:
சாதாரணம்னா? அந்தச் சதுர 9 வோல்ட்டா?

செம்பனைத்தம்பி:
ஆமாண்ணே. புதுசு.

கூலிம்காரன்:
புதுசா இருந்தாலும் அதேதான். அந்தச் சின்ன பேட்டரிக்கு உள் தடை அதிகம். தரையில பாரம் விழுந்து மோட்டார் கரண்டை இழுக்கும்போது வோல்ட் சரியுது, ஊனோ அணைஞ்சு மறுபடி ஆரம்பிக்குது. மேசையில பாரமும் இல்ல, போர்டுக்கு மடிக்கணினி கரண்ட் கொடுத்துச்சு, அதான் தெரியல. எல்298என் வேற உள்ளேயே 2 வோல்ட் கிட்ட விழுங்கிடும். 18650 செல் (சார்ஜ் பண்ணுற லித்தியம் செல்) ரெண்டைத் தொடர்ல போடுங்க, 7.4 வோல்ட். மோட்டாருக்கு 5 வோல்ட் சொச்சம் போய்ச் சேரும், போதும். செல்லை ஹோல்டர்ல போடுங்க, செல் மேல நேரா சால்டர் வைக்காதீங்க. நெகட்டிவ் வயர் எல்லாத்துக்கும் ஒண்ணா சேரணும்.

நிரல்ராஜா:
இருந்தாலும் டிலேயை எடுங்க.

வாசல்கோலம்:
செல் வாங்கும்போது கவனம். ஆன்லைன்ல 9,900 மில்லியாம்ப்-அவர் கொள்ளளவுன்னு விக்கிறதெல்லாம் புளுகு. நல்ல 18650 செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

பழையகை:
அதுக்குத்தான் நேர்ல போய் வாங்கணும்ங்கிறது. கோலாலம்பூர் ஜாலான் பாசார்ல கிடைக்காத சாமானே இல்ல.

வாசல்கோலம்:
கெடாவிலேர்ந்து ஜாலான் பாசாருக்கா? பஸ் காசுல இன்னொரு ரோபோ செஞ்சிடலாம் ஐயா. சுங்கை பட்டாணியில தேடினா கிடைக்கும். ரப்பர் பால்மரம் சீவுறவங்க தலையில கட்டுற டார்ச் பலதுலயும் இதே செல்தான். வீட்டுல கேளுங்க தம்பி.

பழையகை:
டார்ச்சுல கழட்டின பழைய செல்லைப் பசங்க கையில கொடுக்கிறதா? நல்ல யோசனை. ஒண்ணு நிறைஞ்சு ஒண்ணு காலியா தொடர்ல போட்டா என்ன ஆகும் தெரியுமா?

வாசல்கோலம்:
ஒரே மாதிரி ரெண்டு, ரெண்டையும் முழுசா சார்ஜ் பண்ணிப் போடச் சொல்லுங்க. திட்டுறதுக்குப் பதிலா அதைச் சொல்லலாம்ல?

பழையகை:
நான் 20 வருஷமா ஜாலான் பாசார்லதான் வாங்குறேன்.

செம்பனைத்தம்பி:
மாமாகிட்ட டார்ச் செல் ரெண்டு வாங்கிப் போட்டோம், நிக்காம ஓடுது. நன்றிண்ணே. வளைவுல மட்டும் கோட்டை விட்டு வெளிய போகுது.

கூலிம்காரன்:
சென்சார் எத்தனை? தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?

நிரல்ராஜா:
டிலே.