மார்கழிக் குளிரில் அசையாமல் நின்ற பரங்கிக்கொடி: உங்கள் தோட்டத்தில் எப்படி?

கானாடுகாத்தான்:

இந்த வருசம் ஐப்பசி மழை கார்த்திகை முழுக்க இழுத்தடித்தது. நம்ம செம்மண்ணில் வழக்கமாகத் தண்ணீர் நிற்காது. இந்தத் தடவை குழியெல்லாம் சொதசொதவென்று கிடந்ததால், மழை வெறித்த பிறகுதான் பரங்கி விதை ஊன்ற முடிந்தது. அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. முளை வந்தது, இரண்டு வித்திலையும் விரிந்தது, அதோடு சரி. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று இருந்த மாதிரியே நிற்கும்.

"ஒரு பிடி யூரியா போடுங்க, கிளம்பிடும்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் போடவில்லை. மண் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும்போது வேர் உரத்தை எடுக்காது. முதலில் மண்ணைச் சூடாக்க வேண்டும். குழியைச் சுற்றிப் போட்டிருந்த வைக்கோலை வாரி எடுத்துவிட்டு, வெயில் நேரே மண்ணில் விழும்படி விட்டேன். கோடையில் மூடாக்கு உயிர் காக்கும். குளிரில் அதுவே மண்ணை ஆற வைத்துவிடும். செடியைச் சுற்றி ஆட்டு எருவும் செம்மண்ணும் கலந்து மேடு கட்டினேன். சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் பாய்ச்சினேன். மார்கழி விடியற்காலையில் பம்ப்செட் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

மெதுவாக வளரும் செடிக்குச் சிவப்பு வண்டுதான் பெரிய எதிரி. வேகமாக வளர்கிற செடி நாலு இலையைத் தின்னக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடும். வித்திலையோடு நிற்கிற செடிக்கு அந்த வசதி இல்லை. அடுப்புச் சாம்பலைச் சலித்து, பனி காய்வதற்கு முன்னே தூவினால் இலையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். குளிரும் குறுகிய பகலும் சேர்ந்தால் பரங்கியில் பெண் பூ சீக்கிரம் வந்துவிடும். என் கொடி இரண்டு முழம்கூட ஓடவில்லை, அதற்குள் அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சோடு பூ வந்துவிட்டது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கிள்ளிவிட்டேன். வேரும் இலையும் சேராத கொடியில் காயை விட்டால், காயும் பெருக்காது, கொடியும் ஓடாது. கொடி பத்தடி தாண்டிய பிறகு வந்த பூவில்தான் காய் விட்டேன். பெரிய காய் வேண்டுமென்றால் ஒரு கொடிக்கு ஒரே காய். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சொந்த ஊர் தேவகோட்டை, இருப்பது கனடா, ஹாலிஃபாக்ஸ்:

அண்ணே, முதல் பிஞ்சைக் கிள்ளும் வேலை இங்கேயும் அப்படியே நடக்கிறது. ராட்சதப் பரங்கி வளர்ப்பவர்களுக்கு இந்த நோவா ஸ்கோஷியா மாகாணம் தாய்வீடு. இங்கே விண்ட்சர் என்ற ஊரில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல வருசம் விதை தேர்ந்து தேர்ந்து உருவாக்கியதுதான் 'அட்லாண்டிக் ஜெயன்ட்' ரகம். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நாலு வருசம் உலகத்திலேயே பெரிய காய் அவருடையதுதான். இன்றைக்குப் போட்டிக்கு வருகிற காய்களில் பெரும்பாலும் அந்த வம்சம்தான் ஓடுகிறது.

நமக்குக் குளிர் என்றால் ராத்திரி 20 டிகிரி. இங்கே மே மாசம்கூட உறைபனி விழும். அதனால் ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி அளவு சூட்டில் விதையை முளைக்க வைக்கிறார்கள். வெளியே நட்ட பிறகு ஒவ்வொரு செடிக்கும் மேலே பிளாஸ்டிக் கூடாரம். சிலர் மண்ணுக்குள் மின்கம்பி ஓட்டிச் சூடேற்றுகிறார்கள். கொடி ஓட ஓடக் கணுக்களை மண்ணால் மூடுகிறார்கள், கணுவுக்குக் கணு வேர் இறங்கும். ஜூன் வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஜூலையில் காய் பிடித்து, ஆகஸ்டில் ஒரு நாளைக்கு 20 கிலோ வரை ஏறும். தொடக்கத்தில் போன நாட்களை அங்கே ஈடுகட்டிவிடலாம், வேர் சரியாக இருந்தால்.

2023இல் கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே போட்டியில் 1,247 கிலோ காய் கொண்டுவந்து அப்போதைய உலகச் சாதனை படைத்தவர் டிராவிஸ் கீங்கர். அவர் ஊர் மினசோட்டா, அமெரிக்காவில் கடும் குளிர் அடிக்கும் மாநிலங்களில் ஒன்று. அதனால் உங்கள் மார்கழிக் கொடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பள்ளத்தூர்:

தம்பி, அந்தக் கனடா விதையை இங்கே போடலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் இலை நம்ம பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்கே துவண்டுவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் நம்ம பக்கத்துக்கு நல்லது, காய் 7, 8 கிலோ வரும்.

இரண்டு விசயம் சொல்கிறேன். வாசல் கோலத்துக்குப் பூப் பறிக்கப் பிள்ளைகளை அனுப்பும்போது, நீளக் காம்பு உள்ள ஆண் பூவை மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். அதிலும் நாலைந்தைக் கொடியிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். பனி இறங்கும் மாதத்தில் தேனீ தாமதமாகத்தான் வரும், பூவோ பத்து மணிக்குள் வாடிவிடும். அதனால் நாம்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். மறுநாள் விரியப்போகிற பெண் பூவின் நுனியை முதல் நாள் சாயங்காலமே நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் மகரந்தம் கெட்டுவிடும். ஆண் மொட்டையும் அதே மாதிரி கட்டி வையுங்கள். காலையில் அதன் இதழை உரித்துவிட்டு நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லச் சுற்றித் தடவினால் போதும்.

இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் தெரிந்தவுடன், நீர்மோரை வடிகட்டித் தெளியுங்கள். இலை முழுக்கப் பரவிய பிறகு தெளித்துப் பலன் இல்லை.

கானாடுகாத்தான்:

ஆச்சி, நூல் கட்டும் முறையை நாளைக்கே செய்கிறேன். மகரந்தம் கட்டிக்கொண்டு பிஞ்சு அழுகிப்போகிறது என்று என் சின்ன மாமியாரும் இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவரிடமும் சொல்கிறேன்.

இப்போது காய் தேங்காயைத் தாண்டிவிட்டது. அடியில் ஆற்றுமணல் பரப்பிப் படுக்க வைத்திருக்கிறேன், ஈரத்தில் அடிப்பக்கம் அழுகாது. காம்பு கொடியோடு ஒட்டிக்கொண்டு முறுகாமல் இருக்க, காய்க்குப் பக்கத்தில் உள்ள இரண்டு கணுக்களின் வேரை மட்டும் மெல்ல விடுவித்துவிட்டேன். காய் பெருக்கும்போது கொடி மேலே எழும்ப இடம் வேண்டும்.

விதை கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்கு: காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதம் வந்த பிறகுதான் அறுப்பேன். பக்கத்துத் தோட்டங்களிலும் பரங்கி இருப்பதால், பூவைக் கட்டி நானே மகரந்தம் சேர்த்த காயின் விதையை மட்டும்தான் தருவேன்.