தாத்தா தோட்டம் – குடும்பக் குழு

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை

ஓசூர்ச் சித்தப்பா (காலை 7.10): அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி பேசினார். மாந்தோப்பு ஆறு ஏக்கரையும் ஐந்து வருடத்துக்குக் குத்தகைக்குக் கேட்கிறார். பணம் மொத்தமாக முன்கூட்டியே. உழவு, மருந்து, காவல் எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டுப் பட்டா என்பதால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். நாளைக்குள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை அத்தை (7.22): பெரியண்ணனிடம் கேட்டாயா தம்பி?

ஓசூர்ச் சித்தப்பா (7.23): அதற்குத்தான் குழுவில் போட்டிருக்கிறேன் அக்கா.

அப்பா (7.40): எனக்குச் சம்மதம். அண்ணனுக்கு 68 வயது. இன்னும் எத்தனை வருடம் மருந்துத் தொட்டியின் பின்னால் ஓடுவார்?

நான் (7.55): பெரியப்பா, சொட்டுநீர்க் குழாய் சும்மாதானே கிடக்கிறது? இப்போதிருந்தே தண்ணீர் விட்டால் பூ நிறைய வராதா?

பெரியப்பா (9.40): இப்போதுதான் பார்த்தேன். கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிக்கொண்டிருந்தேன். பஸ்காரர்கள் கூலி வாங்காமல் போரடித்துக் கொடுக்கிறார்கள்.

அப்பா (9.42): சாலையில் போடாதீர்கள் அண்ணா. இருசக்கர வண்டிக்காரன் வழுக்கி விழுந்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியப்பா (9.50): ஓரமாகத்தான் போட்டிருக்கிறேன். மகளே, நீ குழாயைத் தொடச் சொல்லாதே. மார்கழி பிறக்கும் நேரத்தில் தண்ணீர் குடித்த மரம் தளிர்தான் விடும், பூ விடாது. இப்போது அது காய்ந்து கிடக்க வேண்டும். இலையை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். இன்று காலை பத்து மரத்தில் ஒடித்துப் பார்த்தேன். எட்டு தயார். தை மாதம் பூத்துவிடும். பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்த பிறகு கேள், நானே திறந்துவிடுகிறேன்.

ஓசூர்ச் சித்தப்பா (9.53): அண்ணா, குத்தகை?

பெரியப்பா (10.05): முன்பு மூன்று வருடம் விட்டோமே, கிழக்குப் பக்க ஒன்றரை ஏக்கர். மறந்துவிட்டாயா? அந்த ஆள் வேரில் ஊற்றும் பூ மருந்தை வருடாவருடம் ஊற்றினார். பேக்லோபூட்ரசால். அளவாக ஊற்றினால் பிழையில்லை, நல்ல மருந்துதான். அவர் அளவா பார்த்தார்? முதல் வருடம் காய் ஏராளமாகப் பிடித்தது. மூன்றாம் வருடம் கணுவும் கணுவும் ஒட்டிக்கொண்டு, இலை கொத்துக் கொத்தாகச் சுருண்டு நின்றது. மூன்று வருடத்துக்கு வந்தவருக்கு நான்காம் வருடத்தைப் பற்றி என்ன கவலை? இன்றும் அந்த மரங்கள் இரண்டு ஆள் உயரம் தாண்டவில்லை.

ஓசூர்ச் சித்தப்பா (10.12): சரி அண்ணா, மரத்தைக் காப்பாற்றி என்ன கண்டோம்? இந்த ஜூனில் பெங்களூரா மாங்காயைக் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்கவும் ஆள் இல்லை. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போனால் என்ன மிஞ்சியது? பாதிக் காய் மரத்தடியிலேயே அழுகியது. ஈ மொய்த்துக்கொண்டு கிடந்ததை நானும்தானே பார்த்தேன்.

பெரியப்பா (10.20): அது உண்மை. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்பா (10.24): கூழ் ஆலையை நம்பிய ரகம் அது. அவர்கள் வாங்கவில்லை என்றால் போக்கிடம் இல்லை. செந்தூராவும் அல்போன்சாவும் முன்னாலேயே விற்றுவிட்டன, நினைவிருக்கிறதா?

ராயக்கோட்டை அத்தை (10.31): தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். புளியமரம் ஒன்பதும் அந்தக் குத்தகையில் சேர்த்தியா?

ஓசூர்ச் சித்தப்பா (10.45): தோப்பிலுள்ள எல்லா மரமும் என்றார். அது சின்ன விஷயம் அக்கா.

ராயக்கோட்டை அத்தை (10.46): சின்ன விஷயமா! தண்ணீர் கேட்காது, மருந்து கேட்காது, உரம் கேட்காது. மாசி பங்குனியில் உலுக்கினால் கொட்டுகிறது. மாங்காய் அழுகிய வருடத்திலும் இந்த வீட்டில் காசு தந்தது அந்தப் புளிதான். என் வீட்டுக்கு வருகிற புளியை எவனுக்கோ எழுதிக்கொடுக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்பா (10.47): 😀

பெரியப்பா (11.15): நான் ஒன்று சொல்கிறேன். பெங்களூராவை மட்டும், இந்த ஒரு வருடக் காயை மட்டும் கொடுப்போம். பூவில் விலை பேச வேண்டாம், அது இரண்டு பேருக்கும் சூதாட்டம். காய் எலுமிச்சை அளவு வந்ததும் மரம் பார்த்து விலை சொல்லட்டும். தத்துப்பூச்சி மருந்து நம் கையில் இருக்கும். பூக்கொத்து வரும்போது தோப்புக்குள் நடந்தால் அந்தப் பூச்சிகள் தத்துவது சடசடவென்று தூறல் போலச் சத்தம் கேட்கும், அன்றே அடித்துவிட வேண்டும். பூ முழுக்க விரிந்த பிறகு அடித்தால் தேனீயும் ஈயும் செத்துப்போகும், அப்புறம் காய் எங்கே பிடிக்கும்? அறுவடை முடிந்ததும் நலிந்த இருபது பெங்களூரா மரங்களை வெட்டித் தளிர்க்கவிட்டு, அல்போன்சா ஒட்டுக் கட்டுகிறேன்.

அப்பா (11.21): ஒட்டு காய்க்கக் குறைந்தது மூன்று வருடம் ஆகுமே அண்ணா.

பெரியப்பா (11.22): ஆகும்.

ஓசூர்ச் சித்தப்பா (11.40): ஒரு வருடத்துக்கு அவர் வருவாரா தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன். பணம் குறைந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

பெரியப்பா (11.52): கேட்கமாட்டேன். இன்னொன்று, கேழ்வரகு ஒன்பது மூட்டை காய்ந்து கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 4886 ரூபாய். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது என்ன பயிர் போட்டோம் என்ற பதிவு, வாங்க வேண்டும். திங்கட்கிழமை கொஞ்சம் வந்துபோ தம்பி.

ஓசூர்ச் சித்தப்பா (11.55): வருகிறேன்.

ராயக்கோட்டை அத்தை (11.58): ஒன்பதையும் விற்றுவிடாதீர்கள். களிக்கு இரண்டு மூட்டை நிறுத்துங்கள்.

நான் (மதியம் 12.10): புளி உலுக்க மாசியில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் பெரியப்பா.

பெரியப்பா (12.30): வா. மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. ஏறத் தெரியாவிட்டால் அத்தையோடு உட்கார்ந்து புளியின் ஓடு தட்டு.