ஷாஃப்டுக்கு மாட்ட பிளாஸ்டிக் டியூப் எங்கே கிடைக்குங்க?

கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. 25 எம்எம் பம்ப் ஷாஃப்ட் கிரைண்டிங் முடிச்சு, நியூஸ் பேப்பர் சுத்தி அனுப்பறோம். வண்டி ஆட்டத்துல ஒண்ணோட ஒண்ணு உரசி, பேரிங் உக்கார்ற இடத்துல கோடு விழுந்துருது. போன வாரம் 14 பீஸ் திரும்பி வந்துருச்சு. நகத்துல தடவுனாலே தட்டுது, அப்புறம் எப்படி வாங்குவாங்க!

ரோலா வர்ற எல்டிபிஇ (வளைஞ்சு குடுக்கற பாலித்தீன் பிளாஸ்டிக்) டியூப்பை நீளத்துக்கு வெட்டி மாட்டலாம்னு யோசனை. ஷாஃப்ட் சுற்றளவு 78.5 எம்எம்; டியூப் தட்டையா மடிஞ்சு வர்றதால அகலத்துக்கு அதுல பாதி, 39 சொச்சம். 45 எம்எம் அகலம் போதும்னு என் கணக்கு. ஆனா த்ரெட் முனை கிழிச்சுருமோன்னு பயமா இருக்குது. அதுக்கு வலை மாதிரி இழுபடற ஸ்லீவே தேவலைங்களா? துரு புடிக்காம இருக்க எண்ணெய் தடவி மாட்டறவங்க சொல்லுங்ணா. 10 கிலோ சில்லறையா தர்ற கடை தெரிஞ்சாலும் சரிங்க.