ஆகஸ்ட் விடுமுறை: சிகிரியா, பொலன்னறுவை, திருகோணமலை, எல்ல – 6 நாளுக்குள் முடியுமா?

வெள்ளவத்தை வாசி
வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து வேன் பிடித்துப் போக இருக்கிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. கனடாவிலிருந்து அக்கா குடும்பமும் வருகிறது. சிகிரியா, பொலன்னறுவை, திருகோணமலை, கண்டி, பிறகு எல்ல வரை ரயில் என்று எழுதி வைத்திருக்கிறோம். கையில் 6 நாள், 5 இரவு. எந்த ஒழுங்கில் போவது, எதை விடுவது? அம்மாவுக்கு முழங்கால் நோவு. சிகிரியாவில் எதுவரை ஏறலாம்?

ஹபரணைச் சந்தி
எல்லவை இந்த முறை விடுங்கள். திருகோணமலையிலிருந்து எல்லவுக்கு ஒரு பகல் முழுக்க வேனிலேயே போய்விடும். ஆகஸ்ட் தென்மேல் பருவக்காற்றுக் காலம் வேறு: ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மழையும் புகாரும். மலை மழையைத் தடுத்துவிடுவதால் அங்கால் கிழக்குக் காய்ந்து கிடக்கும், திருகோணமலைக் கடலும் அமைதியாக இருக்கும். அதனால் கிழக்குக்கே நாளைக் கொடுங்கள்.

ஒவ்வொரு நாளும் எங்கே விடிய வேண்டும் என்று முதலில் முடிவெடுத்து, அதற்கேற்ப முந்தின இரவுக்கு அறை போடுங்கள். முதல் இரண்டு இரவும் ஹபரணையில். முதல் நாள் காலை ஆறுதலாக வெளிக்கிட்டால், நாலு மணியளவில் தம்புள்ளைக் குகைகள். நடுப்பகலில் அந்தப் பாறையில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. டிக்கெட்டைக் கீழேயே எடுத்துவிட்டு ஏறுங்கள். மேலே போய்த் திரும்பி இறங்கிவர அப்பா அம்மாவால் முடியாது.

இரண்டாம் நாள் சிகிரியா. வாசல் திறக்கும்போதே நிற்க வேண்டும். படிகள் ஏறத்தாழ 1,200. நீர்த்தோட்டமும் பாறைத்தோட்டத்தின் தொடக்கமும் கிட்டத்தட்டச் சமதரை, அம்மா அதுவரை தாராளமாக வரலாம். காசியப்ப மன்னன் 5ஆம் நூற்றாண்டில் வகுத்த அந்த வாய்க்கால்களையும் குளங்களையும் ஆறுதலாகப் பார்க்க அவருக்குத்தான் நேரம் கிடைக்கும், மற்றவர்கள் ஓடிப்போய்விடுவார்கள். ஓவியங்களுக்குச் சுழல் படியில் ஏற வேண்டும், அங்கே படம் எடுக்கத் தடை. சிங்கப் பாதத்துக்கு மேலே பாறையோடு ஒட்டிய இரும்புப் படிகள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதம் என்பதால் தொப்பி, குடை வேண்டாம். பாறை முகப்பில் குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போட்டால் கலையும். பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

அன்று பின்னேரம் மின்னேரியா தேசியப் பூங்கா. குளம் வற்றி, கரையில் புல் முளைக்கும்போது யானைகள் கூடுவது ஆகஸ்ட், செப்டெம்பரில்தான். சில நாட்களில் அவை கவுடுல்லப் பக்கம் நகர்ந்துவிடும். ஜீப் பேசும்போதே, அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

மூன்றாம் நாள் காலை 7 மணிக்குப் பொலன்னறுவை. இடிபாடுகள் பல கிலோமீற்றருக்குப் பரந்து கிடக்கின்றன. வேனில் இடத்துக்கு இடம் போகலாம். கல் விகாரைக்கு எல்லோரும் கூட்டிப்போவார்கள், ஆனால் இரண்டாம் சிவ தேவாலயத்தை அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். தயவுசெய்து இறங்குங்கள். சோழர் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லால் கட்டிய கோயில் அது. பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். இராஜேந்திர சோழனின் தாயின் பெயர். சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளை எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து மத்தியானத்தோடு திருகோணமலைக்கு விடுங்கள். ஹபரணைக்கு அங்கால் பொழுதுபட்டால் வீதிக்கு யானை வரும்.

கன்னியா
திருகோணமலையில் இரண்டு இரவு காணும். புறாத்தீவுக்கு நிலாவெளியிலிருந்து காலையிலேயே படகு எடுங்கள். நேரம் போகப்போகக் கூட்டம் கூடும். பவளப்பாறையில் கால் வைக்க வேண்டாம். அது உயிருள்ளது, காலையும் வெட்டும். கோணேசர் கோயில் மத்தியானம் பூட்டியிருக்கும், பின்னேரப் பூசைக்குப் போங்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஆழமில்லை. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு, கையை நனைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றுங்கள். முழங்கால் நோவுக்கும் இதமாக இருக்கும்.

உடுப்பு விஷயம்: விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். ஆளுக்கொரு சோடி மேஸ் கொண்டுபோனால் சுடுகல்லில் கால் தப்பும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது பெரிய பிழையாகக் கருதப்படும். கனடாப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கும்.

கோட்டை ஸ்டேஷன்
கண்டியில் அறை போடுமுன் கலண்டரைப் பாருங்கள். நிகினி போயாவுக்கு (பௌர்ணமி) முந்தின 10 நாளளவு எசல பெரஹரா ஊர்வலம். பின்னேரமானால் நகர வீதிகள் மூடப்படும், அறை விலை பல மடங்கு ஏறும். கண்டிக்கு வரும் உங்கள் ஐந்தாம் இரவு அதற்குள் விழுந்தால், பெரஹரா பார்க்கும் எண்ணம் இல்லாவிட்டால், மாத்தளையில் தங்குங்கள்.

ரயில் ஆசையை ஆறாம் நாள் தீர்க்கலாம். கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயிலில் இறங்குங்கள், சாமான்களோடு வேன் தனியே வரட்டும். கடுகண்ணாவையிலிருந்து றம்புக்கனை வரையான இறக்கம்தான் இதில் அழகு, இடப்பக்க யன்னல் கேளுங்கள். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்பே திறக்கும், விடுமுறைக் காலத்தில் உடனே முடிந்துவிடும். அடையாள அட்டை, பாஸ்போர்ட் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். பயணிக்கும் ஆளோடு பொருந்தாவிட்டால் சிக்கல்.

வெள்ளவத்தை வாசி
மிக்க நன்றி. அக்கா குடும்பத்துக்கு டிக்கெட் எப்படி? வேன் பேசும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஹபரணைச் சந்தி
தமிழ் பேசினாலும் கனடா பாஸ்போர்ட் மட்டும் என்றால் வெளிநாட்டவர் விலைதான், சிகிரியாவில் அது பெரிய தொகை. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேனுக்கு நாள் கணக்கில் எத்தனை கிலோமீற்றர் அடங்கும், கூடினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, ஹைவே காசு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். மெப் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். தேநீர், மலசலகூடம், சந்தி நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 35–40 கிலோமீற்றர் என்று கணக்கிடுங்கள்.