பக்கத்து மாவட்ட ரிப்பீட்டரும் எங்களுடையதும் ஒரே அலைவரிசையில், என்ன செய்யலாம்?

கொங்கு ஹாம்:
வணக்கம் ஓஎம்களே (ஹாம் ரேடியோ நண்பர்களே). எங்கள் கிளப் ரிப்பீட்டர், அதாவது வரும் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம், மலை உச்சியில், 2 மீட்டர் பேண்டில் (ஹாம்களுக்கான ஓர் அலைவரிசைப் பகுதி) ஓடுகிறது. சில விடியற்காலைகளில் பக்கத்து மாவட்ட ரிப்பீட்டர் அதே அலைவரிசையில் பலமாக உள்ளே வருகிறது. ஒருவர் பிடிடி (பேசும் பட்டன்) அழுத்தினால் இரண்டும் திறந்து ஒரே கீச்சொலி. டோன் (ரிப்பீட்டரைத் திறக்கப் பேச்சோடு அனுப்பும் தாழ்ந்த ஒலி) போட்டால் போதுமா?

சால்டரிங் சாமி:
போடுங்கள், ஆனால் வேறு வேறு டோன். உங்களுக்கு 88.5 ஹெர்ட்ஸ் என்றால் அவர்களுக்கு 123. ரிப்பீட்டர் வீணாகத் திறக்காது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால் நடுவில் இருப்பவருக்கு மோதல் மோதல்தான். அலைவரிசையை மாற்றுவதுதான் சரி. அப்புறம் டியூப்ளெக்சரை (ஒரே ஆன்டெனாவில் வாங்குவதையும் அனுப்புவதையும் பிரிக்கும் வடிகட்டி) திரும்ப ட்யூன் செய்யணும். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, அதன் கேவிட்டியின் (உலோக அறையின்) தடியைக் கொஞ்சம் திருகினாலே எல்லாம் நகர்ந்துவிடும், அளவுக் கருவி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

டெல்டா கீ:
முதலில் அந்தக் கிளப்போடு உட்கார்ந்து பேசுங்க ஓஎம். உரிமம் டெல்லியில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தருகிறது, ஆனால் பக்கத்து ஊர்க்காரரோடு ஒத்துப்போவது நம் வேலை. யார் மாறுவது, செலவை எப்படிப் பகிர்வது என்று எழுதி வையுங்கள்.

மதுரை மைக்:
மாற்றிய பிறகு பேச ஆள் வேணுமே! வாரம் ஒரு நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் ரேடியோவில் கூடிப் பேசுவது) வையுங்கள், நெட் கன்ட்ரோலை (அதை நடத்தும் பொறுப்பை) புதிய உறுப்பினர்களிடம் மாற்றி மாற்றிக் கொடுங்கள். 2004 சுனாமியில் போர்ட்பிளேரில் இருந்து ஹாம்கள் செய்தி அனுப்ப முடிந்தது, அவர்கள் ஏற்கெனவே ஆன் ஏரில் இருந்ததால்தான். 73 (வாழ்த்துகள்).